20,000 ரூபாய்க்குள்ள ஒரு எலக்ட்ரிக் கிட்டார்: கடையில நின்னு என்ன பாக்கணும்?

எபிசோட் கேக்க நேரமில்லாதவங்களுக்காக, பேசினதையே கொஞ்சம் சுருக்கி, திருத்தி இங்க எழுத்தா குடுத்திருக்கேன்.

வழக்கமா இங்க டேட்டாபேஸ், சிஸ்டம் டிசைன், இன்டர்வியூன்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்குக் கொஞ்சம் வேற ரூட். போன மாசம் நானும் என் தங்கச்சியும் சென்னையில ஒரு மியூசிக் கடைக்குப் போய் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினோம். பட்ஜெட் 20,000 ரூபாய். கிட்டார், ஆம்ப், கேபிள், பை எல்லாம் சேர்த்து. பணம் அவளோடது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசமா எடுத்து வச்ச காசு. அதனால தப்பான பொருளை வாங்கிடக் கூடாதுன்னு எனக்கு அவளை விட பயம் அதிகமா இருந்துச்சு.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கு. அதைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஒரு பழைய தப்பு

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, அவ பிளஸ் டூ முடிச்ச லீவுல கிட்டார் கேட்டா. நான் அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆன்லைன்ல இருக்கறதுலயே விலை கம்மியா, நாலு ஸ்டார் போட்டிருந்த ஒரு அக்குஸ்டிக் கிட்டாரை ஆர்டர் பண்ணினேன். கூடவே பை, பிக், பெல்ட் எல்லாம் ஃப்ரீ. வந்தது. ஒரு வாரம் உற்சாகமா வாசிச்சா. அப்புறம் விரல் நுனி செவந்து போச்சு. எஃப் கார்டு வைக்கவே முடியல. வச்சாலும் பாதி கம்பி ஊமையா இருந்துச்சு, மீதி கம்பி ஸ்ருதி விலகி இருந்துச்சு.

மூணு மாசத்துல கிட்டார் பரண் மேல போயிடுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு, உனக்கு மியூசிக் வராது போல." சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன். ஆனா அவ அதை நம்பிட்டா. அதுக்கப்புறம் அவ கிட்டார் பத்திப் பேசவே இல்லை, சம்பளம் வர ஆரம்பிக்கற வரைக்கும்.

அதனால இந்தத் தடவை கடைக்கு நேரா போறோம், கையில எடுத்துப் பாத்து வாங்கறோம்னு முடிவு பண்ணிட்டோம். போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் உக்காந்து படிச்சேன். அதோட, கடையில கிட்டார் செக்ஷன் பாத்துக்கற அண்ணன் ஒருத்தர் பொறுமையா நிறைய சொல்லிக் குடுத்தார். ரெண்டையும் சேர்த்துத்தான் இந்த எபிசோட்.

எலக்ட்ரிக் கிட்டார்ல சத்தம் எங்கிருந்து வருது?

அக்குஸ்டிக் கிட்டார்ல கம்பி அதிர்ந்தா பெட்டி அதிரும், பெட்டிக்குள்ள இருக்கற காத்து அதிரும், நமக்குக் கேக்கும். எலக்ட்ரிக்ல அந்தக் கதையே வேற. கம்பிக்குக் கீழ பிக்கப்னு ஒண்ணு இருக்கும். உள்ள காந்தம், அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேல இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுது. காந்தப்புலம் மாறினா காயில்ல மின்னழுத்தம் உண்டாகும். 1831ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்ச அதே மின்காந்தத் தூண்டல்தான். பிளஸ் டூ பிசிக்ஸ்ல அஞ்சு மார்க் கேள்வி. அந்தச் சின்ன சிக்னலைத்தான் ஆம்ப் பெருசாக்குது. அதனாலதான் நைலான் கம்பி போட்டா இந்தப் பிக்கப்புக்கு ஒண்ணுமே கேக்காது.

இது ஏதோ ராக் இசைக்கு மட்டும் ஆனதுன்னு நினைக்காதீங்க. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரியில வாசிச்சது எலக்ட்ரிக் மாண்டலின்தான். கிட்டார் பிரசன்னா கர்நாடக சங்கீதம் வாசிக்கறதும் எலக்ட்ரிக் கிட்டார்லதான்.

பிக்கப்ல ரெண்டு முக்கிய வகை. ஒரே காயில் இருந்தா சிங்கிள் காயில். ரெண்டு காயில் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஹம்பக்கர். சிங்கிள் காயில் தெளிவா, பளிச்சுன்னு கேக்கும். ஆனா அது கம்பியை மட்டும் கேக்காது. சுவத்துக்குள்ள ஓடற கரண்டையும் சேர்த்துக் கேக்கும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதோட மடங்குகளும் 'ம்ம்ம்ம்'னு ஒரு இரைச்சலா வரும்.

இதுக்குத்தான் 1955ல கிப்சன் கம்பெனியில இருந்த சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைச்சார். ரெண்டு காயிலோட காந்தமும் எதிர் எதிர், சுத்தின திசையும் எதிர் எதிர். கம்பியோட சிக்னல் ரெண்டுலயும் ஒண்ணா சேரும். வெளிய இருந்து வர்ற இரைச்சல் மட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். யூஎஸ்பி கேபிள்ல டேட்டா போற ரெண்டு ஒயரும் இதே தந்திரத்தைத்தான் பயன்படுத்துது. எனக்கு இதைப் படிச்சப்ப உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

முதல்ல பட்ஜெட்டைப் பிரிங்க. 20,000 இருந்தா 20,000க்கும் கிட்டார் வாங்கக் கூடாது. ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார், மானிட்டர் இல்லாத சிபியு மாதிரி. நாங்க கிட்டாருக்கு 14,000, மீதி எல்லாத்துக்கும் 6,000னு வச்சுக்கிட்டோம்.

ரெண்டாவது, பிராண்ட். பெரிய கம்பெனிகளுக்கே விலை குறைஞ்ச வரிசை தனியா உண்டு. ஃபெண்டருக்கு ஸ்குவையர், கிப்சனுக்கு எபிஃபோன். ஐபனெஸ்ல ஜியோ வரிசை, யமஹால பசிஃபிகா. கோர்ட்டும் இந்த விலைக்குப் பக்கத்துல நிறைய மாடல் வச்சிருக்காங்க. எது பெஸ்ட்டுன்னு நான் சொல்லப் போறதில்லை. ஏன்னு பின்னாடி புரியும்.

மூணாவது, அளவு. நெக்கோட ஆரம்பத்துல கம்பி உக்கார்ற நட்டுல இருந்து, அடியில இருக்கற பிரிட்ஜ் வரைக்கும் உள்ள நீளத்துக்கு ஸ்கேல் லென்த்னு பேரு. ஃபெண்டர் வகையில 25.5 இன்ச், கிப்சன் வகையில சுமார் 24.75 இன்ச். முக்கால் இன்ச்ல என்ன ஆகப்போகுதுன்னு தோணும். ஆனா நீளம் குறைஞ்சா அதே ஸ்ருதிக்குக் கம்பியோட இழுவிசை குறையும், ஃப்ரெட்டுகளும் கொஞ்சம் நெருங்கி வரும். சின்னக் கைக்கு அது வித்தியாசம் தெரியும். ரெண்டையும் மடியில வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது மூணே பொருள்: போன்ல ஒரு ட்யூனர் ஆப், ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருக்கற ஸ்டீல் ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டு.

ஆம்ப்ல சொருகாம முதல் சுற்று

உள்ள போனதும் தங்கச்சி கண்ணுல பட்டது கடல் நீல கலர்ல ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ கிட்டார். மூணு சிங்கிள் காயில். "அண்ணா, இதுதான்"னுட்டா. கடை அண்ணன் சிரிச்சுட்டு, "எடுத்து உக்காந்து பாரும்மா. கலர் எங்கயும் போகாது"ன்னார். உடனே ஆம்ப்ல சொருகப் போனேன். "தம்பி, முதல்ல சொருகாம பாருங்க. சத்தம் வந்துட்டா குறை தெரியாது"ன்னு நிறுத்திட்டார். அன்னைக்கு நான் கத்துக்கிட்டதுலயே பெரிய பாடம் இதுதான்.

ஒண்ணு, விரலால ஃப்ரெட் ஓரத்தைத் தடவிப் பாருங்க. நெக்கோட ரெண்டு பக்கமும் மேல இருந்து கீழ வரைக்கும். ஏசி ரூம்லயே இருந்தா மரம் காஞ்சு சுருங்கும்; ஃப்ரெட் உலோகம், அது சுருங்காது. அப்ப ஓரமெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி நீட்டிக்கும். நீல கிட்டார்ல லேசா இருந்துச்சு. அரம் வச்சுத் தேய்ச்சா சரியாயிடும், ஆனா அதுவும் ஒரு வேலை, ஒரு செலவு.

ரெண்டு, நெக் நேரா இருக்கான்னு பாருங்க. தலைப்பகுதியைக் கண்ணுகிட்ட வச்சு, துப்பாக்கி குறி பாக்கற மாதிரி பாடி பக்கம் பாக்கணும். ஃப்ரெட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இணையா தெரியணும். ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி இருந்தா நெக் முறுக்கிடுச்சுன்னு அர்த்தம்.

மூணு, நெக்கோட வளைவு. ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்குங்க. இப்ப அந்தக் கம்பியே ஒரு ஸ்கேல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கத்துல கம்பிக்குக் கீழ மயிரிழை இடைவெளி இருக்கணும். விசிட்டிங் கார்டு மட்டும் உரசிக்கிட்டு நுழையற அளவு. ரொம்ப அதிகமா இருந்தாலோ, இடைவெளியே இல்லைன்னாலோ நெக்குக்குள்ள இருக்கற டிரஸ் ராடுங்கற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் திருப்பிச் சரி பண்ணலாம்.

நாலு, ஆக்‌ஷன். கம்பி எவ்வளவு உயரத்துல இருக்குங்கறது. 12வது ஃப்ரெட் மேல ஸ்டீல் ஸ்கேல் வச்சு, கம்பியோட அடிப்பாகம் வரைக்கும் பாருங்க. எலக்ட்ரிக்ல 1.5 முதல் 2 மி.மீ. இருந்தா வசதி. அதுக்கு மேல போகப் போக விரல் வலிக்கும்.

அஞ்சு, எல்லா இடத்துலயும் வாசிங்க. கிட்டார் வாசிக்கத் தெரியணும்னு அவசியமே இல்லை. ஆறு கம்பி, 22 ஃப்ரெட், மொத்தம் 132 இடம். ஒவ்வொண்ணா அமுக்கி ஒரு தட்டு தட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். நம்ம பாஷையில சொன்னா, யூனிட் டெஸ்ட். தங்கச்சி பொறுமையா பண்ணினா. நீல கிட்டாரோட முதல் கம்பியில 13வது ஃப்ரெட்டும் 14வது ஃப்ரெட்டும் ஒரே ஸ்வரமா கேட்டுச்சு. அவளே, "அண்ணா, இங்க ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு?"ன்னு கேட்டா. 14வது ஃப்ரெட் லேசா தூக்கி நிக்குது. 13ல அமுக்கினாலும் கம்பி 14ல போய் முட்டிக்குது. கடை அண்ணனும் பாத்துட்டு, "ஆமாம்மா, இதை நான் குடுக்க மாட்டேன்"ன்னு தனியா எடுத்து வச்சார். மியூசிக் வராதுன்னு நான் சொன்ன பொண்ணுதான் அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சா. என் காதுல அது விழவே இல்லை.

ஆறு, ஸ்ருதி சோதனை. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு ஏறும். 12 தடவை ஏறினா சரியா ரெண்டு மடங்கு. அதாவது சும்மா மீட்டினா ஸ, 12வது ஃப்ரெட்ல மேல் ஸ. ட்யூனர் ஆப்பைத் திறந்து, திறந்த கம்பியை ஸ்ருதி சேர்த்துட்டு, 12ல அமுக்கி மீட்டுங்க. அதே ஸ்வரத்துக்கு முள் நடுவுலயே நிக்கணும். லேசா விலகினா பிரிட்ஜ்ல இருக்கற சேடிலை முன்ன பின்ன நகர்த்திச் சரி பண்ணலாம்.

கான்ஃபிக் பிரச்சினையா, ஹார்டுவேர் பிரச்சினையா?

இங்கதான் ஒரு விஷயம் புரிஞ்சுச்சு. கிட்டார்ல வர்ற குறைகளை ரெண்டா பிரிச்சுடலாம்.

ஆக்‌ஷன் உயரம், நெக் வளைவு, 12வது ஃப்ரெட் ஸ்ருதி, பழைய கம்பி — இதெல்லாம் கான்ஃபிக். அலன் கீயும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தா சரியாயிடும். இதுக்கு செட்டப்னு பேரு. கடையில தொங்கற கிட்டார் பெரும்பாலும் செட்டப் பண்ணாமதான் தொங்கும். சென்னை உப்புக் காத்துல கம்பி வேற துருப்பிடிச்சு மந்தமா கேக்கும். அதை வச்சு கிட்டாரையே தள்ளிடாதீங்க.

முறுக்கின நெக், தூக்கி நிக்கற ஃப்ரெட், ஆடற ட்யூனிங் திருகு, விரிசல் — இதெல்லாம் ஹார்டுவேர். இந்த விலையில அதைச் சரி பண்ற செலவு கட்டுப்படியாகாது. கும்பிடு போட்டுட்டு அடுத்த கிட்டாரைப் பாருங்க.

அடுத்து எடுத்தது கருப்பு கலர்ல ஒண்ணு. ரெண்டு சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர். கைக்கு நல்லா இருந்துச்சு. ஆனா நெக்கைக் குறி பாத்தா லேசா முறுக்கல். எனக்கு முகம் தொங்கிப் போச்சு. தங்கச்சி கேட்டா, "அண்ணா, இதே மாடல்ல வேற பீஸ் இருக்கா?" உள்ள இருந்து இன்னொண்ணு வந்துச்சு. அதே மாடல், அதே விலை. நெக் நூல் பிடிச்ச மாதிரி நேரா. 132 இடமும் சுத்தம். ஆக்‌ஷன் மட்டும் 2.5 மி.மீ. அது கான்ஃபிக்.

எது பெஸ்ட் பிராண்ட்னு நான் சொல்லாததுக்குக் காரணம் இதுதான். ஒரே மாடல்ல ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம், இன்னொண்ணைத் தொடவே கூடாது. ரிவியூ மாடலைப் பத்திப் பேசுது. நாம வாங்கறது ஒரு பீஸை.

ஆம்ப்ல சொருகின பிறகு

கடையில இருக்கற பெரிய ஆம்ப்ல, டிஸ்டார்ஷன் ஏத்தி வாசிச்சுக் காட்டினா எந்தக் கிட்டாரும் சூப்பரா கேக்கும். வீட்டுக்கு வந்தா அந்தச் சத்தம் வராது. அதனால நீங்க வாங்கப் போற அதே சின்ன ஆம்ப்ல, டிஸ்டார்ஷன் இல்லாம சுத்தமான சத்தத்துல கேளுங்க. நாங்க பாத்தது 10 வாட்ஸ் ஆம்ப். அபார்ட்மென்ட் வீட்டுக்கு அதுவே ஜாஸ்தி. ஹெட்ஃபோன் போடற வசதி இருக்கான்னு மட்டும் கட்டாயம் பாருங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி உங்களுக்கு நன்றி சொல்லுவாங்க.

செலக்டர் சுவிட்சை ஒவ்வொரு நிலையிலயும் வச்சு, எல்லா பிக்கப்பும் வேலை செய்யுதான்னு கேளுங்க. வால்யூம், டோன் திருகைச் சுத்தும்போது கரகரன்னா தூசி. கான்டாக்ட் கிளீனர் அடிச்சாலே பெரும்பாலும் போயிடும். கேபிளை லேசா ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தா ஜாக்கைப் பாக்கச் சொல்லுங்க.

சிங்கிள் காயில்ல வச்சதும் 'ம்ம்ம்'னு இரைச்சல் வந்துச்சு. தங்கச்சி பயந்துட்டா. அது குறை இல்லை, முன்னாடி சொன்ன 50 ஹெர்ட்ஸ் கதைதான். உக்காந்த இடத்துலயே கொஞ்சம் திரும்பினா குறையும். கம்பியைத் தொட்டதும் ஒரு பகுதி அடங்கினா எர்த் ஒயர் சரியா இருக்குன்னு அர்த்தம். தொட்டா அதிகமானா யோசிங்க. ஹம்பக்கருக்கு மாத்தினதும் இரைச்சல் பொசுக்குன்னு அடங்குச்சு. 1955ல ஒருத்தர் போட்ட கணக்கு, இங்க கடையில ட்யூப் லைட்டுக்குக் கீழ வேலை செய்யுது!

கடைசியா, கம்பியை நாலஞ்சு தடவை நல்லா வளைச்சு இழுத்துட்டு ட்யூனரைப் பாருங்க. புதுக் கம்பின்னா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் நிறைய இறங்கினா திருகுலயோ நட்டுலயோ பிரச்சினை. ஆரம்பிக்கறவங்க, கம்பியைப் பூட்டி வைக்கற ஃப்ளாயிட் ரோஸ் மாதிரி பிரிட்ஜை இப்போதைக்குத் தவிர்க்கறது நல்லது. ஒரு கம்பி மாத்தறதுக்கே பொறுமை போயிடும்.

பில்

கருப்பு ரெண்டாவது பீஸ் 13,800 ரூபாய். ஆம்ப் 4,200. கேபிள் 450. பையும் ஒரு செட் கம்பியும் 900. செட்டப் 500. மொத்தம் 19,850. அண்ணன் எங்க முன்னாடியே உக்காந்து டிரஸ் ராடைக் கால் சுத்து திருப்பி, சேடிலை இறக்கி, 12வது ஃப்ரெட்ல 1.7 மி.மீ.க்குக் கொண்டு வந்தார். மீதி 150 ரூபாய்க்கு எதிர்ல இருந்த கடையில காபியும் போண்டாவும் சாப்பிட்டோம். நீலக் கலருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்துச்சு அவளுக்கு. "கருப்புலயும் ஸ்டிக்கர் ஒட்டலாம்"னு சொல்லிச் சமாதானம் ஆகிட்டா.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்னைக்கு ராத்திரி அவ பரண்ல இருந்து அந்தப் பழைய அக்குஸ்டிக்கை இறக்கினா. தூசியைத் துடைச்சுட்டு, அதே ஸ்டீல் ஸ்கேலை 12வது ஃப்ரெட்ல வச்சா. 5 மி.மீ.! நல்ல அக்குஸ்டிக்ல இதுல பாதிதான் இருக்கும். 12வது ஃப்ரெட்ல அமுக்கி ட்யூனர்ல பாத்தா, அரை ஸ்வரம் பக்கத்துல ஏறிப் போயிருந்துச்சு. சரி பண்ண டிரஸ் ராடும் உள்ள இல்லை. அந்தக் கிட்டார்ல யார் எஃப் கார்டு வச்சிருந்தாலும் விரல்தான் செவந்திருக்கும்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் நான், "அன்னைக்கு உனக்கு வராதுன்னு சொன்னேன்ல, அது தப்பு. சாரி"ன்னேன். அவ ஸ்கேலை எடுத்து வச்சுட்டு, "அஞ்சு வருஷம் வேஸ்ட் ஆயிடுச்சுண்ணா"ன்னா. கோவமா சொல்லல, இருக்கறதைச் சொன்னா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இப்ப தினமும் ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு அரை மணி நேரம் வாசிக்கறா. எஃப் கார்டு வந்துடுச்சு.

இந்த எபிசோட்ல இருந்து ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. வீட்டுல பசங்களோ, தம்பி தங்கச்சியோ ஏதாவது கருவியைக் கத்துக்க முடியாம தடுமாறினா, அவங்களைச் சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கருவியை ஒரு தடவை அளந்து பாருங்க. கோடு வேலை செய்யலைன்னா நாம முதல்ல என்விரான்மென்ட்டைத்தானே செக் பண்றோம்?

நீங்க கடையில கிட்டார் வாங்கின அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம். அடுத்த வாரம் வழக்கம் போல நம்ம டெக் பக்கம் திரும்பிடுவோம்.